சந்தின் பக்கம் திரும்பிய வீடுகள்

மண்டபத் தெருவின் ஒரு வரிசையும் சுண்ணாம்புக்காரத் தெருவின் ஒரு வரிசையும், பேச்சை நிறுத்திக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனையோ காலமாக உட்கார்ந்திருந்தன. அந்த இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு சந்து, ஒரு மாட்டுவண்டிகூட நுழைய முடியாத அகலத்தில், யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலையில், அந்த இரண்டு வரிசை வீடுகளும் எழுந்து, அடுக்கில் ஒரு டம்ளர்கூட உருளாமல், தொட்டிலில் ஒரு பிள்ளைகூட முழிக்காமல், அப்படியே திரும்பி, சந்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தன.

தெருவில் முதலில் எழுகிறவள் நான். இட்லி மாவு அரைத்து விற்கிற வீட்டில் விடிவதற்கு முன்னாலேயே வாசல் தெளித்து, பலகையைப் போட்டு, மாவு வாளியை ஏற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மில்லுக்குப் போகிற பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். அன்றைக்கும் அந்தப் பயத்தோடு கதவைத் திறந்து, எதிரே பார்க்காமல், பழகிய கை பழகிய மாதிரி ஒரு வாளித் தண்ணீரை வீசித் தெளித்தேன். தண்ணீர் தெருவில் விழவில்லை. எதிரே, எட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், இன்னொரு வாசல் இருந்தது. அங்கே விளக்குமாற்றோடு குனிந்திருந்த ஒரு பெண் தலையிலிருந்து கால்வரை நனைந்து நிமிர்ந்தாள்.

"காலங்காத்தால குளிப்பாட்டி விட்டுட்டீங்களே. யாருங்க நீங்க?"

"மன்னிச்சுக்கங்கம்மா. இங்க ஒரு தெரு இருந்துச்சு."

"எங்களுக்கும்தான் ஒரு தெரு இருந்துச்சு," என்றாள் அவள், முக்காட்டைப் பிழிந்துகொண்டே. "இப்ப உங்க வீடு இருக்கு."

அவள் பெயர் மைமூன். சுண்ணாம்புக்காரத் தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுடைய தையல் மெஷின் சத்தத்தைப் பின்சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன், அவள் என் கிரைண்டர் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொரு கதவிலும் கோலப்பொடியோடோ பால் செம்போடோ பல் விளக்குகிற பிரஷ்ஷோடோ ஒரு ஆள் வந்து நின்றார், யாரும் கத்தவில்லை, ஏனென்றால் எதிர்வீட்டுக்காரர் முன்னால் கத்துவதற்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே வீடுகள் திரும்பிவிட்டன, அதற்கு மேல் அதைப் பற்றி என்ன பேசுவது, ஆக வேண்டிய வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். பால்காரர் சைக்கிளைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்தே வந்தார், ஒரே நடையில் இரண்டு தெருவுக்கும் ஊற்றி முடிகிறதே என்று சந்தோஷப்பட்டார். தபால்காரர் இடது கையால் ஒரு வீட்டுக்கும் வலது கையால் ஒரு வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டே போனார். வாஸ்து பார்க்கிறவர் திசைகாட்டியோடு வந்து, மண்டபத் தெருக்காரர்கள் குபேரனைப் பார்த்துவிட்டார்கள், சுண்ணாம்புக்காரத் தெருக்காரர்கள் எமனைப் பார்த்துவிட்டார்கள் என்றார். "எங்களுக்கு மேற்குதான் கணக்கு, அது அங்கேயேதான் இருக்கு," என்று மைமூன் சொன்னதும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்லூரியிலிருந்து சிலர் வந்து சுவரையும் தரையையும் அளந்து, வீடுகள் திரும்புவதற்கு வாய்ப்பே இல்லை என்று சொன்னார்கள். நாங்கள் ஆமாம் என்றோம், அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

சந்தில் இடுப்பளவுக்குக் கிடந்த இளநீர்க் கூடும் உடைந்த ஓடும் எருக்கஞ்செடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காணாமல் போயின. இந்த வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டு ஜன்னலுக்குக் கொடி கட்டினோம், அவர்கள் லுங்கியும் எங்கள் புடவையும் ஒன்றாகக் காய்ந்தன. ஒரு வீட்டில் டிவி போட்டால் எதிர்வீட்டில் அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள், சீரியலில் மாமியார் பேசினால் இரண்டு வாசலிலிருந்தும் மருமகள்கள் பதில் சொன்னார்கள். குழம்பு வைத்தால் யார் வீட்டில் என்ன குழம்பு என்று ஒளிக்க முடியாது. கரண்டியை நீட்டினால் எதிர்வீட்டுத் தட்டில் விழும். மாசித் திருவிழாவில் அம்மன் சப்பரம் சந்துக்குள் நுழையவில்லை, சரி என்று அம்மனை மட்டும் இறக்கி இரண்டு பேர் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவு பக்கத்தில் அவளை நாங்கள் பார்த்ததே இல்லை, அவளுக்கும் எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் தெரிந்திருக்கும். மைமூன் வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்து வழிவிட்டுவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டின.

மாவு வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். மில்லுக்குப் போகிற பெண்கள் இனி எங்கே வரப்போகிறார்கள் என்று முதல் நாள் நான் சாப்பிடாமல் கிடந்தேன். ஆனால் அவர்கள் சந்துக்குள் வந்தார்கள். அவர்களோடு சுண்ணாம்புக்காரத் தெரு முழுக்க வந்தது. ரம்ஜான் நோன்பில் இடியாப்ப மாவு கேட்டார்கள், ஆடிக்குக் கூழுக்குக் கேப்பை மாவு உண்டா என்று மாசியிலேயே கேட்டுவைத்தார்கள், நான் ஒரு கிரைண்டர் போதாமல் தவித்தேன். ஆனாலும் எனக்குக் கவலை விடவில்லை. யாராவது செத்துப்போனால் பாடையை எப்படித் திருப்புவது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், இவ்வளவு நன்றாக இருக்கிறதே இது எப்படி நிலைக்கும் என்று மாவு அளக்கிற போதெல்லாம் நினைத்துக்கொண்டேயிருப்பேன்.

"ஒனக்கு நல்லது நடந்தாலும் காய்ச்சல் வந்துரும் மாவுக்கா," என்பாள் மைமூன்.

"நீ சிரி. நாளைக்கே வீடு திரும்பவும் திரும்பிருச்சுன்னா?"

"திரும்புனா நான் செவுத்துல ஓட்டை போட்டு மாவு வாங்கிக்கிறேன்."

ஒன்றே ஒன்றுதான் எல்லாருக்கும் சங்கடம். வீட்டுக்கு முகம் திரும்பினால் முதுகும் திரும்பும் அல்லவா. எங்கள் வீடுகளுக்கெல்லாம் கக்கூஸ் பின்கோடியில் இருந்தது. அந்தச் சந்தே அதற்காகப் போட்டதுதான். வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் ஒவ்வொரு பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு சின்ன ஓட்டையும் தகரக் கதவும் இருக்கும், நகராட்சி ஆட்கள் சந்து வழியாக வந்து அதைத் திறந்து அள்ளிக்கொண்டு போவார்கள், அவர்கள் தெருவுக்குள் வரக்கூடாது, சந்துதான் அவர்கள் வழி. அதனால் சந்துக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன். பாதாளச் சாக்கடை வந்ததும் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அதே இடத்தில் புதுக் கக்கூஸ் கட்டிக்கொண்டார்கள். இப்போது அந்த முதுகுகள் எல்லாம் மண்டபத் தெருவைப் பார்த்து வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் அடைத்த சதுரம் அம்மைத் தழும்பு மாதிரி தெரிந்தது. எதிர்வரிசைக்காரர்கள் காலையில் எழுந்தால் எங்கள் கக்கூஸ் முகத்தில்தான் விழித்தார்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் சுற்றிப்போக நேரமில்லாமல் கக்கூஸ் சுவரை உடைத்து அந்தப் பக்கமும் ஒரு கதவு வைத்தார்கள். என் வீட்டுக்காரர் செல்லச்சாமியும் வைத்தார், லாரி புக்கிங் ஆபீசுக்கு நேரமாகிறது என்று.

இப்படி இருக்கையில்தான் கடைவீதி முனையில் தனபால் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை ஓரமாக நின்ற பலகை எங்கள் ஞாபகத்துக்கு வந்தது. வீடுகள் திரும்புவதற்கு முன்னாலேயே மாநகராட்சி அதை நட்டிருந்தது. பயன்பாட்டில் இல்லாத சந்தினை இனி எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யப்படும், கவுன்சிலர் நேரில் பார்வையிட்டுப் பரிந்துரைப்பார், கருத்துள்ளவர்கள் சொல்லலாம் என்று அதில் இருந்தது. அண்ணாச்சி அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்: சந்துக்கு மேலே தகரம் போட்டு, முனையில் ஷட்டர் வைத்து, கடைக்குக் குடோனாக வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று. நாங்களும் எழுதிக் கொடுத்திருந்தோம்: எங்களுக்குப் பாதி, சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் பாதி, நடுவில் ஒரு சுவர். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன், அந்தப் பாதியில் இன்னொரு கிரைண்டர் வைக்கலாம் என்று.

இப்போது இரண்டில் எது நடந்தாலும் என் வாசல் அடைபட்டுவிடும். குடோன் ஆனால் கதவைத் திறந்தால் துணி மூட்டை, பிரித்துக்கொடுத்தால் கதவைத் திறந்தால் சுவர். அப்புறம் வீட்டுக்கு வருகிறவர் யாரானாலும் கக்கூஸ் வழியாகத்தான் வர வேண்டும். மற்றவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். இட்லி மாவைக் கக்கூஸ் வாசலில் வைத்து விற்றால் யார் வாங்குவார்கள்? நானே வாங்க மாட்டேன்.

"நாம எழுதிக் குடுத்தத நாமளே திரும்ப வாங்கிக்கிட்டா ஆச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

"வாங்கிக்கிட்டா அண்ணாச்சி குடுத்தது ஒண்ணுதான் நிக்கும். அப்ப அவருக்குத்தான் போகும்."

"அப்ப கவுன்சிலரம்மாவப் போய்ப் பாருங்க."

கவுன்சிலர் பெயர் கிருஷ்ணவேணி. போன தேர்தலில் ஜெயித்தவர். நாங்கள் ஓட்டுப் போட்டோம், அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. செல்லச்சாமிதான் சட்டையில் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவுங்க குருவம்மா மக."

"எந்தக் குருவம்மா?"

"இந்தச் சந்துக்கு வந்தவுங்க. நம்ம வீட்டுக்கும்தான்."

"நம்ம வாசலுக்கா?"

"வாசலுக்கு எங்க வந்தாங்க."

எனக்கு அன்றைக்குக் கை மாவில் ஓடவில்லை. சந்துக்கு என்ன ஆகவேண்டும் என்று அந்தம்மா சொல்லப்போகிறார், அந்தம்மாவுக்குச் சந்தின் மேல் என்ன பிரியம் இருக்கும், இருக்கிற கோபத்துக்கு அண்ணாச்சிக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே. இருந்தாலும் நானும் மைமூனும் வேறு நாலைந்து பெண்களும் தாம்பூலத் தட்டு எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனோம். அவர் போனில் யாரையோ தண்ணி லாரிக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார், பழத்தை எடுத்து மேஜையில் வைத்தார், வெற்றிலையைத் தட்டிலேயே விட்டார்.

"வர்றேன். வெள்ளிக்கிழமை. எந்தப் பக்கம் வரணும்?"

"எங்க வீட்டுக்குத்தான் மேடம். மாவுக்கார வீடுன்னா தெரியும்."

வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் செய்த ஏற்பாடு மாதிரி எந்தக் கல்யாணத்துக்கும் செய்ததில்லை. இரண்டு தெருவும் சேர்ந்தது. மைமூன் வீட்டுக்காரர் ஜமுக்காளம் கொடுத்தார், எங்கள் பக்கத்தில் பந்தல்காரரைப் பிடித்தார்கள், இரண்டு குலை தள்ளிய வாழை, மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கி, ரோஜாப்பூ மாலை, பன்னீர்ச் செம்பு, எல்லாம் வந்தது. ஊரில் யார் பெரிய ஆள் வந்தாலும், சாமி வந்தாலும், மாப்பிள்ளை வந்தாலும் எங்கே பந்தல் போடுவார்களோ அங்கே பந்தல்காரர் போட்டார். நாங்கள் பக்கத்தில் நின்று, வாழையை இன்னும் நேராகக் கட்டுங்கள் என்று சொன்னோம். ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை.

ஜீப் வந்தது. மேளம் அடித்தார்கள். கிருஷ்ணவேணி இறங்கி, பின்னால் மாநகராட்சிப் பொறியாளரும் இரண்டு ஊழியர்களும் இறங்கி, தோரணத்துக்குக் கீழே குனிந்து நிமிர்ந்து நேராகப் பார்த்தார்கள். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். பந்தல் மண்டபத் தெருவில் நின்றது. வாழைமரத்துக்கு நடுவில் வரிசையாக எங்கள் கக்கூஸ்கள் நின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல் வைத்து அடைத்த சதுரம். மேளக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார்.

மாலையைப் பிடித்திருந்த மைமூன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

கிருஷ்ணவேணி ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் வீட்டுச் சதுரத்துக்கு முன்னால் நின்றார்.

"எங்கம்மாவையும் இந்தப் பக்கந்தான் வரச் சொல்வீங்க," என்றார். "அவளுக்கு மேளம் வச்சதில்ல. அது ஒண்ணுதான் புதுசு."

அப்போது தனபால் அண்ணாச்சி கூட்டத்திலிருந்து, இஸ்திரி கலையாத சட்டையோடு முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, கடையில் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளிக்குச் சரியாகத் துணி கொடுக்கிறவர்.

"கவுன்சிலரம்மா, வெயில்ல நிக்காதீங்க. நம்ம கடைக்குள்ள வந்து ஒரு காப்பி குடிங்க. கடைக்குப் பின்னாலயே சந்துதான், ஏசியில நின்னபடியே பாத்துக்கலாம்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் கடை வழியாகப் போனால், சந்து ஏற்கெனவே குடோனாக இருக்கிற மாதிரித்தான் தெரியும். என் வாயிலிருந்து நான் நினைக்காதது வந்தது.

"எங்க வீட்டு வழியா போகலாம் மேடம்."

கிருஷ்ணவேணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்படிக்கா? சுவருல்ல இருக்கு?"

"கதவு வச்சிருக்கோம். கக்கூஸ் வழியா."

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கிருஷ்ணவேணி செருப்பைக் கழற்றி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "போங்க, முன்னால போங்க," என்றார்.

உள்ளே கொடியில் என் பாவாடை தொங்கியது ஞாபகம் வந்து நான் ஓடி அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கவுன்சிலர் வந்தார், அவருக்குப் பின்னால் பொறியாளர் தலையில் குழாய் இடிக்காமல் குனிந்து வந்தார், ஊழியர்கள் வந்தார்கள், அண்ணாச்சி மூக்கில் கைக்குட்டையை வைத்துப் பிறகு மரியாதைக்காக எடுத்துவிட்டு வந்தார், மேளக்காரர் மேளத்தோடு வந்தார், இரண்டு தெருவும் வந்தது. ஊர்வலம் மாதிரி என் கக்கூஸ் வழியாக நுழைந்து, துவைக்கிற கல்லைத் தாண்டி, அடுப்பங்கரைக்குள் ஒவ்வொருத்தராகப் பக்கவாட்டில் திரும்பி நகர்ந்தார்கள். கிருஷ்ணவேணி அடுப்பங்கரையில் நின்றார். அலமாரியைப் பார்த்தார், பருப்பு டப்பாவைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிலிண்டர் பதிவு எண்ணைக்கூடப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், அவர் நகரவில்லை.

"இந்த வீட்டுக்கு எங்கம்மா எத்தனையோ வருசம் வந்தா," என்றார் மெதுவாக, என்னிடம் மட்டும். "உள்ள எப்படி இருக்கும்னு நாங்க கேப்போம். நாலு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கு வயித்துக்கோளாறு, அம்புட்டுத்தான் தெரியும்பா."

"மாவு எடுத்துக்கிறீங்களா மேடம்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகும்போது வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, கிரைண்டர் அறையைக் கடந்து, முன்வாசல் வழியாகச் சந்தில் இறங்கினார்.

இறங்கியதும் அவர் முகம் மாறியது, பக்கத்தில் நின்று பார்த்ததால் எனக்குத் தெரியும். கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோலம். எதிர்வீட்டு வாசலில் ஒரு பையனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவன் பாதித் தலையோடு எழுந்து வணக்கம் சொன்னான். கிருஷ்ணவேணி செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, சந்து நடுவில், கைகளை வீசி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, மறுபடி அடிக்க ஆரம்பித்தார், இரண்டு சுவருக்கும் நடுவில் அது இடி மாதிரி கேட்டது, பிள்ளைகள் முன்னால் ஓடின, எனக்கே காரணமில்லாமல் நெஞ்சு துள்ளியது.

கீழ்க்கோடியில் போய் எல்லாரும் நின்றோம். அங்கே ஒரு சுவர், ஆள் உயரத்துக்கு மேலே, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தது. அதற்கு அந்தப் பக்கம் துப்புரவுப் பணியாளர்களின் லைன் வீடுகள். சாக்கடை வந்து சந்து வேலை நின்றதும், இனி அவர்கள் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று இரண்டு தெருக்காரர்களும் காசு போட்டுக் கட்டிய சுவர் அது. அவர்கள் பஸ் ஏற வேண்டுமானால் சுடுகாட்டு ரோடு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் வழி இருந்தாத்தான் தெருன்னு எடுத்துக்க முடியும். ஒரு பக்கம் அடைச்சிருந்தா அது பயன்பாட்டில் இல்லாத சந்துதான். வாடகைக்கு விடலாம்."

"கேட்டீங்களா," என்றார் கிருஷ்ணவேணி. "சுவர் இருந்தா அண்ணாச்சிக்கு. சுவர் இல்லன்னா உங்க வாசல் உங்களுக்கு. நான் அதத்தான் எழுதிக் குடுக்கணும். எதுன்னு சொல்லுங்க."

"சுவர நீங்களே இடிக்கச் சொல்லலாமே மேடம், மாநகராட்சி இடந்தானே," என்றார் எங்கள் வரிசை ரிட்டயர்டு வாத்தியார்.

"நான் இடிச்சா அது தகராறு சார். கோர்ட்டுக்குப் போவீங்க. நீங்க இடிச்சா அது தெரு."

கூட்டம் சலசலத்தது. இத்தனை நாள் ஒருத்தர் தட்டில் ஒருத்தர் சாப்பிட்டவர்கள் சட்டென்று இரண்டிரண்டு பேராகப் பிரிந்து குசுகுசுத்தார்கள். வழி திறந்துவிட்டால் யார் யாரோ வருவார்கள் என்றார் ஒருத்தர். வண்டி திருடு போகும் என்றார் இன்னொருத்தர். பிள்ளைகள் பழக்கம் கெட்டுப்போகும் என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"ஒங்க மகன் பழக்கம் கெடுறதுக்கு வெளியாள் வேற வரணுமாக்கும்," என்றாள் மைமூன். "நேத்து எங்க மாடியில நின்னு பீடி குடிச்சது யாரு?"

அண்ணாச்சி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அவசரப்படவில்லை, அவசரப்பட வேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் போதும், சந்து அவருக்கு வந்துவிடும். கதவைத் திறந்தால் துணி மூட்டை. மாவு வாளி கக்கூஸ் வாசலில். எனக்கு நியாயம் அநியாயம் பற்றி அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, பயம்தான் தோன்றியது, அந்தப் பயத்தில்தான் கத்தினேன்.

"ஏங்க, கடப்பாரை எங்க வச்சிருக்கீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் போனார், கடப்பாரையோடு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டதை அவர் உடனே எடுத்துக்கொடுத்தது அதுதான் முதல்தடவை. முதல் குத்து அவர் குத்தினார், சுவர் அசையவில்லை. மைமூன் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டாவது குத்து குத்தினார். மூன்றாவது ஆள் வந்தார், நாலாவது ஆள் வாத்தியார், அவருக்குக் கடப்பாரையைத் தூக்கவே முடியவில்லை, ஆனால் கீழே வைக்கவும் மாட்டேன் என்றார். வண்டி திருடு போகும் என்றவர் தன் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துவிட்டுச் சம்மட்டி கொண்டுவந்தார். செங்கல் உதிர்ந்தது, கண்ணாடிச் சில்லு உதிர்ந்தது, பெண்கள் கூடையில் அள்ளினோம், மேளக்காரர் குத்துக்குக் குத்து அடித்தார், புழுதி எழுந்து எல்லார் தலையும் ஒரே நிறமாகிவிட்டது. கடைசியில் சுவர் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து விழுந்தது.

புழுதி அடங்கியபோது நாங்கள் எதிர்பார்த்த லைன் வீடுகளின் முதுகு அங்கே இல்லை. சுவர் நின்ற இடத்திலிருந்து ஒரு ஜாண் தள்ளி, நேர் எதிரே, நடுவில் ஒரு நடைவழியை விட்டு அதன் இரண்டு பக்கமும், வாசல்கள் இருந்தன. சந்தின் பக்கம் பார்த்த வாசல்கள். பச்சைக் கதவு, நீலக் கதவு, ஒன்றில் மாவிலை, ஒன்றில் சிலுவை. கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறக்க இடமில்லாமல் மூடியே கிடந்தன, விளிம்பில் சுவரின் சுண்ணாம்பு உரசிய தடம்.

"எங்க வீடுகளும் அன்னைக்கே திரும்பிருச்சு," என்றார் கிருஷ்ணவேணி. நீலக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அது அவருடையது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. "ரெண்டு மாசமா ஜன்னல் வழியாத்தான் ஏறி எறங்குறோம். நீங்க யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல."

அண்ணாச்சி சட்டையில் இருந்த புழுதியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் பச்சைக் கதவு ஒரு தடவை அதிர்ந்தது, இன்னொரு தடவை அதிர்ந்தது, பிறகு கிறீச்சென்று எங்கள் பக்கம் திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். சின்ன வயது, தோளில் பை, தலையில் கனகாம்பரம், கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. எங்கள் கூட்டத்தைப் பார்த்தாள், இடிந்த செங்கலைப் பார்த்தாள், கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். "எனக்கு பஸ் போயிரும்."

நாங்கள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நின்றோம், கவுன்சிலரும் நின்றார், பொறியாளர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல் குவியலைத் தாண்டி, கொடியில் ஆடிய துணிகளுக்குக் கீழே குனிந்து, சந்து முழுவதும் விறுவிறுவென்று நடந்து, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடைவீதியில் இறங்கினாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது.